கிரிவலம் போன கம்ப்யூட்டர்

"அன்புச்செல்வி வூட்ல ரெண்டு பழசு இருக்குது. ஒண்ணு கம்ப்யூட்டரு, இன்னொண்ணு வூட்டுக்காரரு. ரெண்டும் ஸ்டார்ட் ஆவறதுக்கு அரை மணி நேரம் புடிக்குதாம்."

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசை. சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு திரௌபதி அக்கா. கேட்டுச் சிரித்தவர்கள் ஏழு பேர். எட்டாவது ஆள் நான். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு பருத்த மனிதர் நின்றதால் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மட்டும் சிரிக்காமல் நின்றால் தெரிந்துவிடுமே என்று நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன்.

"புடிக்குதாம்" என்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரக் கணக்கு தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் என் மனைவி.

கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே சபதம் எடுத்துவிட்டேன். என்னை ஒன்றும் செய்ய முடியாது. நாற்பத்திரண்டு வயதில் ஸ்டார்ட் ஆகிற நேரத்துக்குத்தான் ஸ்டார்ட் ஆவேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பைசா செலவில்லாமல், என் கையாலேயே, இன்னும் இரண்டு வருஷம் ஓடவைப்பேன்.

அதை வாங்கியது தொண்ணூற்றாறில். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி எங்கள் தெருவில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் விலை மட்டும்தான். அதை ஓட்டுகிறவள் அன்புச்செல்வி. கல்யாணப் பத்திரிகை, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு, ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் நீண்ட கடிதங்கள் என்று எல்லாம் டைப் செய்து கொடுப்பாள். ஐந்து வருஷமாக அந்தப் பெட்டிதான் எங்கள் வீட்டில் என்னைவிட அதிகமாக வேலை பார்த்தது. இப்போது களைத்துவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டினால், யோசித்துவிட்டு அடுத்த எழுத்தோடு சேர்த்துக் காட்டும்.

"மாறன் இன்னா சொல்றான்னா," என்றாள் அன்பு. மாறன் கிரிவலப் பாதையில், அக்னி லிங்கம் கோயில் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். "மானிட்டர், கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம். உள்ள இருக்கற போர்டு மட்டும் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு மாத்திட்டா இன்னும் மூணு வருஷம் ஓடுமாம். கம்மி செலவுதாங்க."

"கம்மின்னாலும் செலவு செலவுதான். நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா?"

இந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் என்று எழுதிக் காட்ட முடியவில்லை.

வாரப் பத்திரிகை ஒன்றில் கம்ப்யூட்டருக்கு இரண்டு எதிரிகள் என்று போட்டிருந்தார்கள். ஒன்று தூசி, மற்றது சூடு. புதன்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டேன். அன்பு பேப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே ஐந்து வருஷத் தூசி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துவந்து அடித்தேன். தூசி கிளம்பி என் மேல் உட்கார்ந்தது. முதல் எதிரி ஒழிந்தான்.

சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு சின்ன ஃபேன் இருக்கிறது. அது கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கிரீச்சென்றால் எண்ணெய் விட வேண்டும், இது யாருக்கும் தெரியும். தையல் மெஷின் எண்ணெய் இல்லை. தேங்காய் எண்ணெய் இருந்தது. இரண்டு சொட்டு விடலாம் என்று சாய்த்தேன். பாட்டிலுக்கு அந்த எண்ணிக்கை தெரியவில்லை. போகட்டும், ஃபேன் சுற்றினால் காய்ந்துவிடும் என்று ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. எண்ணெயை எல்லா மூலைக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது.

பீப் என்றது. பீப் என்றது. மூன்றாவது பீப் பாதியில் நின்றுபோனது. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

மூடியைப் போட்டு மூடினேன். திருகுகளில் நான்கு மிஞ்சின. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்பு வந்தாள். "என்னங்க, கம்ப்யூட்டர் மேல துண்டு போட்டு வெச்சிருக்கு?"

"சர்வீஸ் பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"ஏன்?"

"செட் ஆகணும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "தேங்கா எண்ணெ வாசனை வருது."

"என் தலை."

அவள் என் தலையைப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்துப் பத்து வருஷம் ஆன தலை. தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"நந்தினி திங்கட்கிழமை காலேஜ்ல குடுக்கணும். நூத்தி எம்பது பக்கம் உள்ள இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க."

நந்தினி எம்.ஃபில் படிக்கிற பெண். ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்பனை பற்றி ஆய்வேடு. இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி எழுதியதை அன்பு இரண்டு மாதமாக டைப் செய்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகல," என்றேன்.

வியாழக்கிழமை காலையில் கேட்டாள். "நிஜமா ஒண்ணும் இல்லியே?"

"இல்லைன்னேனே."

வெள்ளிக்கிழமை, "இல்லியே?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை கேட்கவே இல்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாளும் சாயங்காலம் நந்தினி அறைக்குப் பிழை திருத்தப் போகிறேன் என்று போய்விட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தாள். திருத்துவதற்கு அந்த ஆய்வேடே இருக்குமோ இருக்காதோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அதை இப்போது எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம்தான் வருவாள். நான் டெலிபோன் பூத்துக்கு ஓடினேன்.

"மாறா, புகழேந்தி பேசறேன்."

"சொல்லுங்க சார். அக்கா இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. கம்ப்யூட்டரைக் கொண்டுவரேன். ஒரு சின்ன கோளாறு. அக்காவுக்குத் தெரியக்கூடாது."



"இன்னிக்கு வேணாம் சார். பௌர்ணமி சார்."

"ஒரு கிலோமீட்டர்தானே. தூக்கிட்டு வந்துடறேன்."

"வெயிட்டு ஜாஸ்தி சார்."

"பரவாயில்ல."

"சரி, வெயிட்டு இருக்காது சார். ஆனா வேணாம் சார்."

"இன்னாப்பா பேசற நீ?"

"சார், அந்தப் பொட்டிய தொடாதீங்க சார். அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீ எந்தப் பதிலும் சொல்லக் கூடாதுன்னுதானே கெஞ்சறேன்!"

"கடையே இல்ல சார் இன்னிக்கு. செருப்பு பாத்துக்கறேன் சார்."

பௌர்ணமி தோறும் அவன் கடை முன்னால் பலகை போட்டுக் கிரிவலம் போகிறவர்களின் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பான். நல்ல வருமானம். அதற்காகத்தான் என்னைத் தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்தேன். "வந்துட்டே இருக்கேன்," என்று போனை வைத்தேன்.

பெட்டியைத் துண்டோடு தூக்கினேன். நல்ல கனம். துண்டு பத்தவில்லை. பழனிக்குப் போக வேண்டும் என்று அன்பு எனக்காக வாங்கிவைத்திருந்த மஞ்சள் வேட்டி கண்ணில் பட்டது. அதை எடுத்து நான்கு மூலையும் இழுத்துக் கட்டினேன். தோளில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன்.

பௌர்ணமி அன்று காலை பத்தரைக்கே பிறந்துவிட்டது. ஞாயிறு வேறு. மத்தியானம் இரண்டு மணி வெயிலிலும் ரோடு நிறைய ஜனம். வண்டி, ஆட்டோ எதுவும் விடவில்லை. அக்னி லிங்கம் கோயில் பக்கம், அதாவது டவுன் பக்கமிருந்து, எல்லாரும் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருவன் மட்டும் அவர்களைப் பார்த்துப் போனேன். மலையைச் சுற்றுகிறவர்களுக்கு எதிராகப் போவதென்றால், ஆற்றில் எதிர்நீச்சல் போடுவது மேல். ஆறு திட்டாது.

"யோவ், எதுக்க வரியே!"

"பெரியவரே, இப்படியாச்சும் ஓரமா வாங்க!"

ஐம்பது அடிகூடப் போகவில்லை. கயிறு பிடித்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தெரு மோர்ப்பந்தல். அண்டாவுக்குப் பின்னால் எங்கள் தெரு ஜோதியம்மாள், கரண்டியோடு. ஜோதியம்மாள் காதில் விழுந்தால் அது தெரு முழுக்க விழுந்த மாதிரி.

"இன்னா சார் அது மஞ்சத் துணில?" என்றார் போலீஸ்காரர்.

ஜோதியம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கம்ப்யூட்டர் என்று சொன்னால், ஏன், எதற்கு, என்ன ஆச்சு என்று மூன்று கேள்வி வரும். சாயங்காலம் அன்பு பஸ் விட்டு இறங்கும் இடத்திலேயே பதில் போய்ச் சேர்ந்துவிடும்.

"வேண்டுதல்," என்றேன்.

எங்கள் அப்பா எனக்குப் புகழேந்தி என்று பெயர் வைத்தவர். கோயில் வாசலில் நிழலுக்குக்கூட ஒதுங்காதவர். அவர் பிள்ளை வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"சாமியா!" ஜோதியம்மாள் கரண்டியை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ சார், சாமிய தூக்கிக்கினு எதுக்க போறீங்களே! மலை உங்க இடக்கைப் பக்கம் வருதே! திரும்புங்க, திரும்புங்க!"

போலீஸ்காரர் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அவ்வளவுதான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் முதுகுப் பக்கம் இருந்த கடை, என் முகத்துக்கு நேராகப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

"செருப்போடயா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். செருப்பைக் கழற்றி ஜோதியம்மாள் அண்டாவுக்குப் பக்கத்தில் விட்டேன். தார் ரோடு தன் கருத்தைத் தெரிவித்தது.

எம லிங்கம் தாண்டுவதற்குள் தோள் போய்விட்டது. துண்டைச் சும்மாடு கட்டிப் பெட்டியைத் தலைமேல் வைத்தேன். தலைமேல் ஏறியதும் அது இன்னும் பெரிய சாமியாகிவிட்டது. பின்னால் வந்த ஒரு கிராமத்துக் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது. பத்துப் பதினைந்து பேர். தலைவர் இருசப்பன், நல்ல உயரம், வெண்கலக் குரல். "தள்ளு, தள்ளு, வேண்டுதல் வருது!" என்று எனக்கு வழி பிரித்துக் கொடுத்தார். அவர்களோடு வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். என் முழங்கையைத் தொட்டபடியே நடந்து வந்தார்.

"எத்தினி வருசமா இந்த வேண்டுதல் தம்பி?"

"அஞ்சு வருஷமா."

"யாருக்கு உடம்புக்கு?"

"வீட்ல... ரொம்பப் பழசாயிடுச்சு."

"வயசானவங்களா? மாமியாரா? பாவம். எழுந்து நடமாடறாங்களா?"

"காலைல ஆரம்பிக்கவே அரை மணி நேரம் ஆகுதுங்க. ஒண்ணு சொன்னா புரிஞ்சிக்க நேரம் புடிக்குது."

"நெனவு தப்புதா?"

"அதுதாங்க பயமா இருக்கு. நெனவுல நூத்தி எம்பது பக்கம்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சாமி பாத்துக்கும். இன்னும் ரெண்டு வருசமாச்சும் நல்லா இருக்கணும்னு நானும் வேண்டிக்கறேன்." அந்த அம்மாள் நடந்துகொண்டே கையைத் தூக்கிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மாமியாருக்காக இப்படி ஒரு மருமகனா என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. என் மாமியார் அன்று கீழ்பென்னாத்தூரில் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

நான் எங்கேயாவது நின்று, "அம்மா, இது சாமி இல்லைங்க" என்று சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை தயாராக இருந்தது. நிருதி லிங்கத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். வருண லிங்கத்தில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அந்த அம்மாள் முடிச்சிலிருந்து தனக்கென்று வைத்திருந்த பொரியைப் பிரித்து எனக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டார். பொரியைத் தின்ற வாயால் எப்படிச் சொல்வது?

அடி அண்ணாமலை வந்ததும் இருசப்பன் சட்டைப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். "தலைல இருந்தபடியே ஒரு ஆரத்தி காட்டிடறேன்."

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். "சூடு ஆகாது!"

"சாமிக்கு சூடு ஆகாதா?"

"ஆகாதுங்க. முன்ன சூடாகித்தான் கெட்டுது... அதாவது, கோவம் வந்துது."

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிறகு இரண்டு பேர் மேல்துண்டை எடுத்து, குபேர லிங்கம் வரைக்கும் பெட்டிக்கு விசிறிக்கொண்டே வந்தார்கள்.

ஈசான்ய லிங்கம் தாண்டி, ஊருக்குள் வந்து, கோபுரத்துக்கு முன்னால் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். இங்கே பிரிந்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

"சாமிய எங்க எறக்கறீங்க?" என்றார் இருசப்பன்.

"அக்னி லிங்கம் பக்கத்துல."

"எறக்கறத பாக்காம போவக் கூடாது. நாங்களும் வரோம்."

மாறன் ஒரு கையில் டோக்கனும் இன்னொரு கையில் ஒற்றைச் செருப்புமாக நின்றான். என்னைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தான். செருப்பு கையிலிருந்து விழுந்தது.

"சார்... சுத்திக்கினா வந்தீங்க?"

"இறக்கி விடுப்பா முதல்ல."

மேசைமேல் இறக்கினோம். கழுத்து தோளுக்குள் போயிருந்தது. மாறன் என் காதருகில் வந்தான். "சார், துணிய பிரிக்காதீங்க. தண்ணி குடிச்சிட்டு வூட்டுக்குப் போங்க."

"நந்தினியோட நூத்தி எம்பது பக்கம் இதுல இருக்கு மாறா! அன்பு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அது பத்திரமா இருக்கு சார்."

"திறந்து பார்க்காம உனக்கு எப்படித் தெரியும்?"

பதில் வருவதற்குள் வெள்ளையம்மாள் முன்னால் வந்துவிட்டார். "தம்பி, ஒரு தரம் கண்ணால காட்டு. கூடவே வந்திருக்கேன் இல்ல?"

யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. இருசப்பன் முடிச்சை அவிழ்த்துவிட்டார். மஞ்சள் துணி விழுந்தது. வெளுத்துப்போன தகரப் பெட்டி. முன்னால் இரண்டு பட்டன், ஒரு பிளவு.

"இது இன்னா பொட்டி?" என்றார் இருசப்பன். குரலில் வெண்கலம் குறைந்திருந்தது.

இதோ முடிந்தது என்று நினைத்தேன். இவ்வளவு பேரும் என்னை என்ன சொன்னாலும் தகும். நானே மூடியைத் தூக்கினேன். அதன் திருகு நான்கும் புதன்கிழமையே என் பைக்குப் போயிருந்ததால் உடனே வந்தது.

உள்ளே பச்சைப் பலகை இல்லை. ஒயர் இல்லை. ஃபேன் இல்லை. எதுவுமே இல்லை. என் பழைய பனியன் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. வெள்ளையம்மாள் அதை மெதுவாக விலக்கினார்.

வழவழவென்று, கறுப்பாக, உருண்ட தலையோடு ஒரு கல். அதன் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. போன தீபாவளிக்கு என் கை தவறி விழுந்து பெயர்ந்த சில்லு. எங்கள் வீட்டு அம்மிக் குழவி.

இருசப்பன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "அண்ணாமலையானுக்கு..."

"அரோகரா!"

செருப்புக் கடை, பூக்கடை, சர்பத் வண்டி எல்லாம் திரும்பிப் பார்த்தது. வெள்ளையம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டார். கல்லை எடுத்து மேசைமேல் நிறுத்தினார்கள். விபூதிப் பட்டை போட்டார்கள், குங்குமம் வைத்தார்கள், பூ சுற்றினார்கள். சாமி இறங்கியாகிவிட்டதால் இனிமேல் சூடு பரவாயில்லை என்று அவர்களே முடிவு செய்து கற்பூரமும் ஏற்றினார்கள். கற்பூர வாசனையோடு லேசாகப் பூண்டு வாசனையும் வந்தது. அது எனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

நான் மாறனைப் பார்த்தேன். மாறன் டோக்கன்களை எண்ண ஆரம்பித்தான்.

"சொல்லுடா."

"வியாழக்கெழமையே, நீங்க ஆபீஸ் போனதும், அக்கா வந்து வூட்டுக்கு கூட்டிக்கினு போனாங்க சார். திறந்து பாத்தேன். உள்ள தாளிக்கற மாதிரி எண்ணெ. போர்டு அவுட்டு. ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்துது. செகண்ட் ஹேண்ட் போர்டு ஒண்ணு இருந்துது, அதுக்கு வேற பொட்டி வேணும். எல்லாத்தையும் அதுல மாத்தி, என் கடை மானிட்டரும் கீபோர்டும் போட்டு நந்தினி ரூம்ல வெச்சிட்டோம். அக்கா அங்க உக்காந்துதான் முடிச்சாங்க. சார்கிட்ட சொல்லாத, அவரே சொல்லுவாருன்னாங்க."

"கல்லு?"

"சாமி சத்தியமா கல்லு எனக்குத் தெரியாது சார்."

பெட்டியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை கூட்டம் போகிற திசையிலேயே, வீட்டுக்கு வந்தேன். அன்பு ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தாள். வாசலில் நின்று என் கால்களைப் பார்த்தாள்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"கிரிவலம்."

"உங்கப்பா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு."

உள்ளே வந்து பெட்டியைக் கீழே வைத்தேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழமை. உங்க தலைன்னு சொன்னீங்களே, அப்பவே."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

நான் மஞ்சள் வேட்டியை மடிக்க ஆரம்பித்தேன்.

"மூணு நாள் கேட்டேங்க. திட்ட மாட்டேன், ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னுதான் நின்னுக்கினே இருந்தேன். பேப்பரைத் தலைகீழா பிடிச்சுக்கினு இருந்தீங்க."

அது தலைகீழாக இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கல்லு எதுக்கு?"

"தூசி தட்றேன்னு தூக்கிப் பார்ப்பீங்க. வெறும் பொட்டின்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுமேன்னு வெச்சேன். மலைய சுத்துவீங்கன்னு கனவா கண்டேன்?" அவள் குரல் இறங்கியது. "நாலு நாளா சட்னி இல்ல, வெறும் பொடிதான். அதுகூடத் தெரியாம சாப்பிட்டுக்கினு இருந்தீங்க."

"மன்னிச்சிடு அன்பு," என்றேன். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. "இரு, நானே குழவியைக் கழுவித் தரேன்."

நான் கல்லை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவதற்குள் வாசலில் வளையல் சத்தம். திரௌபதி அக்கா, பின்னால் ஜோதியம்மாள், இன்னும் மூன்று பேர். கையில் தட்டு, தட்டில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம்.

"சாமிய கொண்டாந்துட்டீங்களா சார்?" திரௌபதி அக்காவின் குரலே மாறியிருந்தது. "உங்கள நான் என்னமோன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார். வெயில்ல, வெறுங்கால்ல, தலைமேல வெச்சி... மோர் குடிக்க வந்தவங்க சொன்னாங்க, மாமியாருக்காமே! யாரு செய்வாங்க?"

ஐந்து பேரும் என் கையிலிருந்த கல்லைக் கும்பிட்டார்கள். நான் அன்புவைப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்தால் போதும், நான் நாளை முதல் ரேஷன் கடைக்குப் போக முடியாது. அன்பு என்னை நிதானமாகப் பார்த்தாள். பிறகு குழவியை என் கையிலிருந்து வாங்கினாள். பூஜை அலமாரியில் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஆமாக்கா," என்றாள். "எங்க அம்மிக் குழவியையே சாமியா தூக்கிக்கினு போனாரு. இனிமே இதுல மசாலா அரைக்க முடியுமா?"

"அரைக்கக் கூடாது! தோஷம்!" என்றாள் ஜோதியம்மாள்.

"அதான் வேண்டுதல்ல பாதியாச்சு. மீதி பாதிய நாளைக்கு முடிக்கறேன்னு இருக்காரு."

"மீதி பாதி இன்னா சார்?" என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நானும் அன்புவின் பக்கம் திரும்பினேன். எனக்கும் தெரியவில்லை.

"கல்யாணத்துல எங்க அம்மா குடுத்த மிக்ஸி காயில் போயி ஆறு வருஷமாச்சு. நானே ரிப்பேர் பண்றேன்னு பரண் மேல போட்டவரு," என்றாள் அன்பு. "மலைய சுத்தி வந்து குழவிய சாமிக்குக் குடுத்துட்டு, எனக்குப் புது மிக்ஸி வாங்கித் தரேன்னு வேண்டிக்கினு இருக்காருக்கா."

திரௌபதி அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "வேண்டிக்கினத ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது சார். சாமி குத்தம் ஆயிடும்."

கற்பூரம் காட்டினார்கள். நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நந்தினி ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுத்தாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் நான் கடைத்தெருவுக்குப் போய், மூன்று ஜார் வைத்த மிக்ஸி ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.